பெரணிக்குள் ஒரு தூது: ஆணா, பெண்ணா என்று சொல்லும் ஹார்மோன்

(அறிவியல் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)



முதலில் ஒரு கேள்வி. வாய் இல்லை, காது இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் ஒரு செடி பக்கத்தில் இருக்கும் இன்னொரு செடியிடம், "நான் பெண்ணாகி விட்டேன், நீ ஆணாகி விடு" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றுதானே நினைக்கிறீங்க? முடியும்! தினமும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு செடி நம்ம பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னாடியே இருக்கு. அதுதான் பெரணி. அது சொல்லும் செய்தியின் பெயர் ஹார்மோன். இந்த வாரம் சுவர் இதழில் அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொறுமையாகப் படிங்க, கடைசியில் நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனையும் உண்டு, எல்லாருக்கும் ஒரு வேண்டுகோளும் உண்டு.

1. பெரணி என்றால் எது?

பழைய கிணற்றின் உள்சுவர், மதகு, படித்துறை, ஈரம் கசியும் செங்கல் சுவர் இங்கெல்லாம் சீப்பு மாதிரி இலை விட்டு ஒரு செடி தொங்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் பெரணி. நம்ம பக்கம் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்களில் அதிகமாக வளர்வது டெரிஸ் விட்டேட்டா என்ற வகை. மண்ணில் இருக்கும் ஆர்சனிக் என்ற விஷப் பொருளை இலைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும் சக்தி இதற்கு உண்டு என்று 2001-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். சாதாரணச் செடி என்று நினைக்க வேண்டாம்!

பெரணியில் பூ கிடையாது. காய் கிடையாது. விதையும் கிடையாது. உலகத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பெரணி வகைகள் இருக்கு. பூக்கும் செடிகள் வருவதற்கு வெகு காலம் முன்னாடியே, 35 கோடி வருஷத்துக்கு முன்னாடியே, பெரணிகள் பூமியில் இருந்தன.

பூவும் விதையும் இல்லாமல் எப்படிப் பெருகும்? இலையைத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகவோ, ஓரத்தில் கோடு போட்ட மாதிரியோ இருக்கும். பூச்சி அரித்தது, நோய் வந்தது என்று சிலர் கிள்ளிப் போடுவாங்க. அது நோய் இல்லை. அதற்குள் சின்னச் சின்ன உறைகள் இருக்கு. ஒவ்வொரு உறையிலும் பெரும்பாலும் 64 ஸ்போர்கள். உறை காய்ந்ததும் கவண் மாதிரி சுண்டி ஸ்போர்களை வெளியே எறியும். ஸ்போர் என்பது தூசி அளவு. காற்றில் எங்கேயோ போகும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில், "எல்லாச் செடிக்கும் விதை இருக்கு, பெரணி விதை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை, அப்படியானால் அது மாய விதை, அதை வைத்திருப்பவனும் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போவான்" என்று நம்பினார்களாம்! நம்ம ஊர் மாயக் கண்மை கதை மாதிரியே இருக்கு இல்லையா?

2. ஒரு செடிக்கு இரண்டு வாழ்க்கை

ஈரமான இடத்தில் விழுந்த ஸ்போர் முளைக்கும். ஆனால் பெரணியாக முளைக்காது. இதுதான் அதிசயம். நகத்தை விடச் சின்னதாக, பச்சை நிறத்தில், இதயம் வடிவத்தில் ஒரு மெல்லிய இலை மாதிரி தரையோடு ஒட்டி வளரும். அதன் பெயர் புரோதாலஸ். பாசி என்று நினைத்து நாம் மிதித்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் போகும் பச்சைப் படலத்தில் இதுவும் இருக்கலாம்.

இந்தப் புரோதாலஸின் அடிப்பக்கத்தில்தான் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டாகும். ஆண் உறுப்புக்குப் பெயர் ஆந்தரிடியம். அதில் விந்தணுக்கள் உருவாகும். பெண் உறுப்புக்குப் பெயர் ஆர்க்கிகோனியம். அதில் ஒரே ஒரு முட்டை இருக்கும். மழைத் தண்ணியோ பனித் துளியோ படும்போது ஆந்தரிடியம் உடைந்து விந்தணுக்கள் நீந்தி வெளியே வரும். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட உடம்பு, அதில் நிறைய நீந்தும் இழைகள். முட்டை இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? பெரணியின் விந்தணுக்கள் மாலிக் அமிலம் இருக்கும் பக்கம் இழுக்கப்படுகின்றன என்று ஜெர்மனி விஞ்ஞானி ஃபெஃபர் 1884-இல் காட்டினார். மாலிக் அமிலம் என்பது ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்தான்!

விந்தணுவும் முட்டையும் சேர்ந்தால் அதிலிருந்து குட்டிப் பெரணி முளைக்கும். அது வேர் விட்டு நிமிர்ந்ததும் புரோதாலஸ் வாடிப் போய்விடும். இந்தப் புரோதாலஸில் முட்டை இருக்கும் உறுப்பை 1848-இல் சுமின்ஸ்கி என்பவர் விளக்கினார். 1851-இல் ஹோஃப்மைஸ்டர் என்பவர் இந்த இரண்டு வாழ்க்கையும் மாறி மாறி வருவதைத் தெளிவாக எழுதினார். இதைத்தான் பாடத்தில் 'சந்ததி மாற்றம்' என்று படிக்கிறோம்.

பாடத்தில் நாம் வரையும் படத்தில் ஒரே இதயத்தில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் இருக்கும். அந்தப் படம் சரிதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதைதான் ஹார்மோன் கதை.

3. ஹார்மோன் பற்றி இரண்டு வார்த்தை

ஹார்மோன் என்பது உடம்பின் ஒரு இடத்தில் உண்டாகி இன்னொரு இடத்தில் வேலை செய்யும் ரசாயனத் தூது. அளவு ரொம்பக் கொஞ்சமாக இருந்தாலே போதும். தாவரங்களில் ஆக்சின், ஜிப்ரல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் என்று ஐந்து முக்கியமானவை உண்டு. பத்தாம் வகுப்பு அக்கா அண்ணன்களைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வாங்க!

இதில் நமக்கு இன்று முக்கியம் ஜிப்ரல்லின். இதன் கதை நெல் வயலில் ஆரம்பிக்கிறது. ஜப்பானில் சில நெல் நாற்றுகள் மட்டும் மற்றவற்றை விட ஒல்லியாக உயரமாக வளர்ந்து, கதிர் பிடிக்காமல் சாய்ந்து போகும். அதை 'பக்கானே' என்பார்கள். 'முட்டாள் நாற்று' என்று அர்த்தம். 1926-இல் குரோசாவா என்பவர், ஒரு பூஞ்சை விடும் பொருள்தான் இதற்குக் காரணம் என்று காட்டினார். 1935-இல் யபுதா என்பவர் அந்தப் பொருளுக்கு ஜிப்ரல்லின் என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, பூஞ்சை மட்டும் இல்லை, செடிகளே தங்களுக்குள் ஜிப்ரல்லின் தயாரிக்கின்றன என்று. விதையில்லாத் திராட்சை பெரிதாவதற்குத் தெளிப்பதும் இதுதான்.

ஜிப்ரல்லின் வகையில் நூற்றுக்கும் மேல் இருக்கு. அவற்றுக்கு ஜி.ஏ.1, ஜி.ஏ.2, ஜி.ஏ.3 என்று எண் போட்டிருக்கிறார்கள், நம்ம வருகைப் பதிவேடு மாதிரி!

4. 1950-இல் டோப் கண்டது

வால்ட்டர் டோப் என்று ஒரு ஜெர்மனி விஞ்ஞானி. அவர் டெரிடியம் என்ற பெரணியின் புரோதாலஸ்களை ஜெல்லி மாதிரியான அகாரில் வளர்த்தார். நன்றாக வளர்ந்த பெரிய புரோதாலஸ்கள் இருந்த ஜெல்லியை எடுத்து, அதில் இளம் புரோதாலஸ்களை வளர விட்டார். அவை வழக்கத்தை விடச் சீக்கிரமாக, நிறைய ஆண் உறுப்புகளை உண்டாக்கின. பெரியவை பக்கத்தில் இல்லை. அவை இருந்த ஜெல்லி மட்டும்தான் இருந்தது. அப்படியானால் பெரியவை ஏதோ ஒரு பொருளை ஜெல்லியில் விட்டிருக்க வேண்டும்!

ஆந்தரிடியத்தை உண்டாக்கும் பொருள் என்பதால் அதை ஆந்தரிடியோஜன் என்று அழைக்கிறார்கள். பெயர் நாக்கில் சுற்றும். மூன்று தடவை சொல்லிப் பாருங்க, பழகிவிடும்.

5. தூது எப்படி நடக்கிறது?

ஒரு ஈரச் சுவரில் ஐம்பது ஸ்போர்கள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. நல்ல வெளிச்சமும் ஈரமும் உள்ள இடத்தில் விழுந்தது முந்திக்கொள்ளும்.

இரண்டாம் படி: முந்தியது வளர்ந்து இதயம் வடிவம் எடுக்கும். இதயத்தின் மேல் பள்ளத்தில் வளரும் செல்கள் இருக்கும். அந்த நிலை வந்ததும் அது ஆந்தரிடியோஜனை வெளியே விட ஆரம்பிக்கும். ஆனால் தன் தூது தன்னையே பாதிக்காது. ஏன் என்றால் அந்த வயதைத் தாண்டியதும் அதற்கு அந்தத் தூது 'கேட்காது'. அது முட்டை தரும் உறுப்புகளை வளர்க்கும்.

மூன்றாம் படி: பின்னால் முளைத்தவை இன்னும் இதயம் வடிவம் எடுக்கவில்லை. அவற்றுக்குத் தூது 'கேட்கும்'. கேட்டதும் அவை பெரிதாக வளர்வதை விட்டுவிட்டு, நாக்கு மாதிரி சின்னதாகவே இருந்து, உடம்பு முழுக்க ஆந்தரிடியங்களை உண்டாக்கும். அதாவது ஆண்.

நான்காம் படி: தண்ணீர் படும்போது பக்கத்து ஆண்களின் விந்தணுக்கள் நீந்திப் போய்ப் பெரிய இதயத்தின் முட்டையோடு சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஸ்போரும் ஆணாகவோ பெண்ணாகவோ விழுவதில்லை! அதே ஸ்போர் தனியாக விழுந்தால் ஒன்று, கூட்டத்தில் விழுந்தால் இன்னொன்று. மனிதர்களுக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம் தீர்மானிக்கிறது என்று படிக்கிறோம். இந்தப் பெரணிகளுக்கு யார் முந்தி, யார் பிந்தி, பக்கத்தில் யார் என்பது தீர்மானிக்கிறது. சாப்பாடு நன்றாகக் கிடைத்து முந்தியது முட்டை தரும் வேலையை எடுக்கிறது. ஏன் என்றால் குட்டிப் பெரணிக்குச் சோறு ஊட்ட வேண்டியது அதுதான். பிந்தியவற்றுக்கு உடம்பு சின்னது. விந்தணு தயாரிக்கச் சின்ன உடம்பு போதும். வீணாவது யாரும் இல்லை.

நம்ம வயல் ஓரத் தண்ணியிலும் வாய்க்காலிலும் வளரும் செரட்டாப்டெரிஸ் என்ற நீர்ப் பெரணி இனத்தில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த இனத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் பிடித்த ஒரு வகை இரண்டே வாரத்தில் முளைத்து ஆண், பெண் உறுப்பு விட்டுவிடும். அதில் ஒரு ஸ்போரைத் தனியாக வளர்த்தால் இரண்டு உறுப்பும் உள்ள புரோதாலஸாக வரும். தூது இருந்தால் ஆணாக வரும். அதோடு ஆணாக வந்ததைத் தூது இல்லாத இடத்துக்கு மாற்றினால் அது மறுபடி வளர்ந்து முட்டையும் தர ஆரம்பிக்கும்! ஆனால் இதயம் வடிவம் எடுத்து முடித்தது திரும்ப ஆணாக மாறாது. தூதுக்கு ஒரு வயசு இருக்கு, அது தாண்டினால் தாண்டியதுதான்.

தூது இருந்தும் ஆணாகாத சில செரட்டாப்டெரிஸ்களும் உண்டு. அவற்றில் தூதைக் 'கேட்கும்' மரபணு பழுதாகியிருக்கும். அமெரிக்காவில் ஜோ ஆன் பேங்க்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த மரபணு எதை அடக்குகிறது என்று வரிசைப்படுத்தினார்கள்.

6. மாவு ஒரு வீட்டில், இட்லி இன்னொரு வீட்டில்

ஆந்தரிடியோஜன் என்பது என்ன பொருள்? 1962-இல் ஷ்ராவ்டோல்ஃப் என்ற விஞ்ஞானி, அனீமியா என்ற பெரணிக்கு ஜிப்ரல்லின் கொடுத்தார். (இது ரத்தசோகை அனீமியா இல்லை, செடியின் பெயரே அனீமியா!) உடனே ஆண் உறுப்புகள் வந்தன. ஆக, பெரணியின் தூதுக்கும் நெல் நாற்றை உயர்த்திய ஜிப்ரல்லினுக்கும் உறவு இருக்கு என்று தெரிந்தது. பிறகு அனீமியாவின் தூதுப் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அது ஜிப்ரல்லினின் நெருங்கிய சொந்தம் என்று உறுதியானது. ஆனால் எல்லாப் பெரணிக்கும் ஒரே சாவி இல்லை. டோப் ஆராய்ந்த டெரிடியத்துக்கு ஜிப்ரல்லின் அமிலம் கொடுத்தால் பூட்டு திறக்காது.

இப்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். பெரியது ஜிப்ரல்லின் தயாரிக்கிறது என்றால், அது ஏன் தானே ஆணாகவில்லை?

இதற்கு விடை 2014-இல் ஜப்பானில் கிடைத்தது. லைகோடியம் ஜப்பானிக்கம் என்ற கொடிப் பெரணியை ஆராய்ந்து தனகா, மட்சுவோகா முதலிய விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். (லைகோடியம் இனத்தின் வேறு கொடிகள் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு.) அதை நம்ம வீட்டு வழக்கத்தில் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் கிரைண்டர் இருக்கு, இட்லிப் பானை இல்லை. தங்கச்சி வீட்டில் இட்லிப் பானை இருக்கு, கிரைண்டர் இல்லை. அக்கா மாவு அரைத்து, தூக்கில் ஊற்றி, மூடி போட்டுக் கொடுத்து விடுகிறாள். தங்கச்சி மூடியைத் திறந்து, ஊற்றி, வேக வைத்து இட்லி ஆக்குகிறாள். மாவை அப்படியே சாப்பிட முடியாது. அதனால் அக்கா வீட்டில் மாவு எவ்வளவு இருந்தாலும் இட்லி இல்லை.

பெரணியிலும் இதேதான். முந்திய புரோதாலஸ் கடைசிப் படிக்கு முந்தைய படி வரை ஹார்மோனைத் தயாரிக்கும். அந்தப் பொருள் ஜி.ஏ.9. இதுதான் மாவு. அதன் மேல் 'மெத்தில்' என்ற ஒரு மூடியைப் போட்டு வெளியே விடும். மூடி போட்டதால் அது பக்கத்துச் செடியின் செல்லுக்குள் சுலபமாக நுழையும். இளம் புரோதாலஸுக்குள் அந்த மூடியைக் கழற்றும் நொதி இருக்கு. கழற்றியதும் இன்னொரு நொதி அதை ஜி.ஏ.4 ஆக மாற்றும். இதுதான் இட்லி, அதாவது வேலை செய்யும் ஹார்மோன். அந்தக் கடைசி நொதி முந்திய புரோதாலஸில் அடங்கிக் கிடக்கும். அதனால்தான் அது ஆணாகவில்லை!

ஒரே ஹார்மோனை இரண்டு தனித்தனி உயிர்கள் பாதிப் பாதியாகச் சேர்ந்து தயாரிக்கின்றன. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

7. இருட்டில் தூங்குபவர்களையும் எழுப்பும்

பொதுவாகப் பெரணி ஸ்போர் முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணுக்கடியில் புதைந்த ஸ்போர்கள் வெளிச்சம் இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அனீமியா, லைகோடியம் போன்ற பெரணிகளில் ஆந்தரிடியோஜன் தண்ணியோடு மண்ணுக்குள் இறங்கினால் இருட்டிலேயே அந்த ஸ்போர்கள் முளைக்கும், ஆண் உறுப்பும் விடும். வெளியே வர முடியாமல் கிடந்தவையும் தங்கள் பங்கைச் செய்துவிடும்.

8. இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

ஒரே இதயத்தில் இரண்டு உறுப்பும் வந்தால் சுலபம்தானே, எதற்கு இந்தத் தூது? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

நம்ம உடம்பில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி இருக்கு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரே பாடப் புத்தகம் இரண்டு வைத்திருக்கிற மாதிரி. ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்தால் இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது புரோதாலஸைப் பாருங்க. அது ஒரே ஒரு ஸ்போரிலிருந்து வந்தது. அதில் ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதிதான். அதிலிருந்து வரும் முட்டையும் விந்தணுவும் அந்த ஒரே பிரதியின் ஜெராக்ஸ். இரண்டும் சேர்ந்தால் குட்டிப் பெரணிக்கு இரண்டு புத்தகமும் ஒரே மாதிரி. ஒன்றில் கிழிந்த பக்கம் இரண்டிலும் கிழிந்திருக்கும்! பூக்கும் செடியில் தன் மகரந்தம் தன் சூலில் சேர்ந்தால்கூட இவ்வளவு முழுசாக ஒன்று போல ஆகாது. பெரணியில் ஒரே தலைமுறையில் ஆகிவிடும்.

அதனால் பக்கத்தில் வேறு ஸ்போர்கள் இருந்தால் அவற்றை ஆணாக்கி, வெளி உறவு ஏற்படுத்திக்கொள்கிறது. யாருமே இல்லாத பாறையில் தனியாக விழுந்தால்? தூது அனுப்ப ஆள் இல்லை, தூது வரவும் ஆள் இல்லை. அப்போது தானே இரண்டுமாகி, வம்சத்தை ஆரம்பித்து வைக்கும். கூட்டம் இருந்தால் கூட்டத்தோடு, இல்லை என்றால் தனியாக. இரண்டு வழியையும் கையில் வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, டீச்சர் எழுது என்று சொன்னதால் எழுதுகிறேன். "மாமன் மகன், அத்தை மகள்" என்று சின்ன வயசிலேயே பேசி வைக்கிற பழக்கம் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கு. மனிதர்கள் பெரணி இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்த எல்லார் பிள்ளைக்கும் குறை வரும் என்று சொல்லவும் கூடாது, அப்படிப் பிறந்தவர்களைக் கேலி செய்வது அதை விடத் தப்பு. ஆனால் நெருங்கிய சொந்தத்தில் இரண்டு பேரிடமும் அதே 'கிழிந்த பக்கம்' மறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாய் பேசாத பெரணியே வெளியே ஆள் தேடுகிறது. நம்மைப் பற்றிப் பேசி முடிக்கும்போது நம்மிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே, நாம் படித்து முடித்த பிறகு!

9. பெரணியின் மற்ற ஹார்மோன்கள்

பெரணியின் குருத்து யானைத் தும்பிக்கை மாதிரி சுருண்டு வந்து மெதுவாக விரியும். இதில் ஆக்சினுக்குப் பங்கு உண்டு. ஓஸ்முண்டா என்ற பெரணியில் குருத்தின் சிறு இலைகளைக் கிள்ளிவிட்டால் தண்டு நீள்வது குறைந்தது. கிள்ளிய இடத்தில் ஆக்சின் வைத்தால் மறுபடி நீண்டது. சிறு இலைகள்தான் தண்டுக்கு "நீளு" என்று ஆக்சின் வழியாகச் சொல்கின்றன.

அப்சிசிக் அமிலம் இதற்கு எதிர்க்கட்சி மாதிரி. செரட்டாப்டெரிஸில் அது இருந்தால் ஆந்தரிடியோஜன் சொல்வது எடுபடாது, ஆண் உறுப்பு வருவது தடைப்படும் என்று 1983-இல் ஹிக்கோக் என்பவர் காட்டினார்.

10. நீங்களே செய்து பாருங்க

தேவையானவை: பழுப்புக் கோடு உள்ள பெரணி இலை, வெள்ளைத் தாள், செங்கல் துண்டுகள், கொதித்து ஆறிய தண்ணீர், தட்டுகள், மூடக் கண்ணாடி டம்ளர் அல்லது தெளிவான பிளாஸ்டிக் டப்பா.

அ) இலையை வெள்ளைத் தாளில் வைத்து மடித்துப் புத்தகத்துக்குள் ஒரு நாள் வைக்கவும். பழுப்புத் தூள் உதிரும். அதுதான் ஸ்போர். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஊதக் கூடாது.

ஆ) செங்கல் துண்டுகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற விடவும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் செங்கலை வைக்கவும். ஸ்போரை லேசாகத் தூவி மூடவும். நேர் வெயில் படாத, வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் நல்லது.

இ) ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை தெரியும். இரண்டு மாதத்துக்குள் குட்டி இதயங்கள் தெரியும். தண்ணீர் வற்ற விடாதீங்க.

ஈ) இதயங்கள் வந்ததும் இரண்டு புதுச் செங்கலில் ஒரே அளவு ஸ்போரை விலக்கி விலக்கித் தூவவும். ஒன்றின் தட்டில் பழைய இதயங்கள் நின்ற தண்ணீர். இன்னொன்றின் தட்டில் கொதித்து ஆறிய சாதாரணத் தண்ணீர். மற்ற எல்லாம் ஒன்று போல இருக்க வேண்டும்.

உ) சில வாரம் கழித்து நம்ம பள்ளி நுண்ணோக்கியில் இரண்டையும் பார்த்து, எதில் எத்தனை இதயம், எதில் எத்தனை நாக்கு வடிவம் என்று எண்ணி எழுதவும்.

நெருக்கமாகத் தூவினாலும் சின்னதாகத்தான் வளரும், அது சாப்பாடு போதாமல்கூட இருக்கலாம். அதனால்தான் விலக்கித் தூவி, தண்ணீரை மட்டும் மாற்றச் சொல்கிறேன். டோப் ஜெல்லியில் செய்ததை நாம் செங்கல்லில் செய்கிறோம், அவ்வளவுதான். என்ன வந்தாலும் வந்ததையே எழுதுங்க. நாம் எதிர்பார்த்தது வரவில்லை என்றாலும் அதுவும் விடைதான்.

11. ஒரு வேண்டுகோள்

பொங்கலுக்கு முன்னால் பள்ளிச் சுவர் எல்லாம் சுரண்டி வெள்ளையடிப்போம். குடிநீர்த் தொட்டிக்குப் பின்னாடி, குழாய் கசியும் மூலையில் ஒரு பச்சைப் படலம் இருக்கு. ஆறாம் வகுப்புத் தங்கைகளோடு லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அதில் பதினொரு இதயங்களை எண்ணினோம். இரண்டில் குட்டிப் பெரணி தலை தூக்கியிருக்கு, ஒரு நெல் அளவுகூட இல்லை. பதினொன்றுக்குப் பக்கத்தில் எத்தனை சின்ன ஆண்கள் இருக்கோ, லென்ஸுக்கு அது தெரியவில்லை.

தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, ஒரு கை அகலம் மட்டும் அந்த மூலையைச் சுரண்டாமல் விட்டுத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். தம்பிகளே, அந்த வட்டத்தில் பந்து அடிக்காதீங்க. தண்ணி குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே ஊற்றுவதற்குப் பதில் அந்தச் சுவரில் லேசாகத் தெளிங்க. அவர்கள் நீந்திப் போக அந்த ஒரு கை தண்ணி போதும்.

வினாடி வினா (விடையை எழுதி அறிவியல் மூலையில் இருக்கும் டப்பாவில் போடவும்)

1. பெரணி இலையின் அடியில் உள்ள பழுப்புப் புள்ளி நோயா, வேறு என்ன?
2. 'முட்டாள் நாற்று' கதையில் கண்டுபிடித்த ஹார்மோன் எது?
3. மாவு எந்த எண், இட்லி எந்த எண்?
4. முந்தி வளர்ந்த புரோதாலஸ் ஏன் தன் தூதால் தானே ஆணாகவில்லை?
5. பாறையில் தனியாக விழுந்த ஸ்போர் என்ன ஆகும்?

சரியான விடை எழுதும் முதல் மூன்று பேருக்கு, எங்கள் செங்கலில் வளரும் குட்டிப் பெரணி ஆளுக்கு ஒன்று பரிசு. வளர்ந்த பிறகு தருவோம், அவசரப்படக் கூடாது!